ரோட்டில் அளந்த தப்படி

ஒரே ஆள் முழங்கால் வலிக் களிம்பு எட்டு டியூப் கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தாம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி இல்லை. போன டிசம்பரில் அருள்தாஸ் வந்து கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு எப்போது சும்மா இருக்கத் தெரிந்திருக்கிறது?

"எதுக்கு சார் எட்டு?"

"எட்டுப் பேருக்கு மேடம். பதினாறு முட்டி" என்றார்.

அருள்தாஸ் மணிமங்கலத்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. பல வருடமாகக் கடைக்கு வருகிறார், அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும் நான் விடாமல் பிடுங்கியதில் விஷயம் வந்தது. எழுபத்தொன்றாம் வருடத்துப் போரில் மேற்கு எல்லையில் ஒரு பதுங்குகுழி வரிசையைப் பிடிக்கப் போன காலாட்படைப் பிரிவில் மிச்சம் இருப்பவர்கள் எட்டுப் பேர். வருடத்துக்கு ஒருமுறை வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு காலி மனையில் கூடி, அன்று நடந்ததை அப்படியே மறுபடி நடந்து பார்ப்பார்களாம். அருளின் அப்பா சவரிமுத்துவும் அந்தப் பிரிவில் போனவர். திரும்பி வரவில்லை. அருள் பிறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

"அடுத்த வருசம் கெடையாது மேடம். மனை கைமாறிடுச்சி. பொங்கல் முடிஞ்சி கட்டடம் எழுப்பறாங்க."

"நான் வரலாமா?"

என் காலைப் பார்த்தார். "மழ பெஞ்சா சேறா இருக்கும். பழைய செருப்பு போட்டுகினு வாங்க" என்றார். வீட்டில் சொன்னதும் என் கணவர், "ஊர்ல ஒரு பட்டாளம்தான் உன்கிட்ட மாட்டாம இருந்தது" என்றார். அவரை விடுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் விதிகள் தெரியும். பஸ்ஸில்தான் போவேன், ஒரே நாளில் திரும்புவேன், வைக்கும் அடிகளை எண்ணுவேன். மாத்திரை எண்ணிப் பழகிய எனக்கு எண்ணாமல் நடக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை 5.50க்குத் தாம்பரத்தில், படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் பஸ் கிடைத்தது. ஒரகடத்துக்கு டிக்கெட் 27 ரூபாய், தூரம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், வெயில் முகத்தில் அடிக்காது. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. படப்பை தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் தண்ணீர் நின்றது. ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிய கம்பெனி பஸ்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன. எல்லா ஜன்னலிலும் தூங்கும் தலைகள்.

6.45க்கு ஒரகடம் மேம்பாலத்தருகே இறங்கினேன். டீ 15 ரூபாய், நல்ல டீ. அங்கிருந்து ஆட்டோ 120 ரூபாய். நான் நூறுக்குக் கேட்டுப் பார்த்தேன், மழையைக் காட்டி மறுத்துவிட்டார்.

"மண்ணு தோண்டி பயங்காலத்து சாமான்லாம் எடுத்தாங்களே, அந்தப் பள்ளத்தப் பாக்க வந்தியாமா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். வடக்குப்பட்டு என்றாலே இப்போது அகழாய்வுதான்.

"இல்லப்பா, பட்டாளத்துக்காரங்க நடப்பாங்களாமே, அங்க."

"அந்தப் பெருசுங்களா! வருசா வருசம் சுண்ணாம்பு போட்டுகினு வரிசையா போவாங்கோ. பாதில நின்னுட்டு திரும்பிடுவாங்கோ. இன்னாத்துக்குன்னு இங்க யாருக்கும் தெர்ல. கேட்டுகினு வந்து எனக்கும் சொல்லு."

நான்கரை கிலோமீட்டர். 7.10க்கு மனை வாசலில் இறங்கினேன். ஒரு பக்கம் ஏரிக்கரை, இன்னொரு பக்கம் ஒரு தொழிற்சாலையின் நீளமான மதில். நடுவில் மரமே இல்லாத தட்டையான நிலம், கணுக்கால் வரை சேறு. சுற்றிலும் புதுக் கம்பிவேலி. வாசலில் இருந்த காவல்காரரும் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் கதவு திறந்திருந்தது. அவர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பார்ப்பதற்கு அந்த எல்லை நிலம் போலவே இருக்கிறதாம்.

எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள். வேட்டியை மடித்துக் கட்டிய காலில் கேன்வாஸ் ஷூ. இரண்டு பேரைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சுபேதார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், அன்று ஹவில்தாராக இருந்து பிறகு பதவி உயர்ந்தவர், இன்றும் அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் நிமிர்ந்துவிடுகிறார்கள். இன்னொருவர் முனுசாமி. உள்ளூர்க்காரர், ஒல்லியான மனிதர். நான் போனபோது அவர் தார் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பின்னால் அருள் இரும்பு டேப்போடு குனிந்தபடி வந்தார்.

"நூறு" என்று முனுசாமி நின்றார். அருள் டேப்பைப் பார்த்தார். அறுபத்திரண்டு மீட்டர். நோட்டில் குறித்துக்கொண்டார். அவர்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது.

அது என்ன என்று சுபேதாரிடம் கேட்டேன். தூக்குவாளியிலிருந்து எனக்கும் இரண்டு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார். முனுசாமிதான் அன்று தப்படி எண்ணும் ஆள். எதிரே எதுவும் தெரியாத இடத்தில் படை நடக்கும்போது ஒருவர் தன் காலடியை எண்ணியே தூரம் சொல்ல வேண்டும். இடது பையில் கூழாங்கற்கள் இருக்கும். நூறு தப்படிக்கு ஒரு கல்லை வலது பைக்கு மாற்ற வேண்டும். எளிமையான முறைதான். பத்து மாத்திரை அட்டைக்கு ஒரு கோடு போடும் என் முறையும் அதேதான் என்று சொன்னேன். சிரித்தார்.

"அன்னைக்கு விடியக்காலம், எதுத்தாப்புல நிக்கிற ஆளு தெரியாத மூடுபனிம்மா. கால்வாய்க் கரையிலேருந்து அறுநூத்தி நாப்பது தப்படி. அங்க கண்ணிவெடிய எடுத்து வழி பண்ணி வெள்ளை நாடா கட்டி வச்சிருந்தாக. அந்த எடத்துல வலப்பக்கம் திரும்பி நாடாவுக்கு நடுவுல போனா பதுங்குகுழிக்குப் பக்கவாட்டுல போயிரலாம். இவன் கைய ஒசத்தினான். திரும்பினோம். நாடாவக் காணோம். தேடிக்கிட்டு நிக்கையில பனி வெலகிருச்சு."

தூக்குவாளியை மூடி வைத்தார். "நேர் எதுக்க மெசின்கன்னு. பின்னால போகவும் வழியில்ல. அப்பறம் என்ன, ஓடினோம், நேராவே. குழியப் புடிச்சோம். போனது முப்பத்திரண்டு பேரு. பதினாலு பேரு அங்கயே போயிட்டாக. அருளோட அப்பா மூணாவது ஆளு. இவனுக்குப் பின்னாலயே நடந்தாரு."

மறுநாள் அளந்து பார்த்திருக்கிறார்கள். வெள்ளை நாடா இருந்த இடம் அவர்கள் திரும்பிய இடத்திலிருந்து சரியாக நூறு தப்படி தள்ளி. ஒரு கல். நடுவே ஒரு வாய்க்காலில் விழுந்து எழுந்ததாகவும், அப்போது குழப்பத்தில் ஒரு கல்லை முன்கூட்டியே மாற்றியிருப்பேன் என்றும் முனுசாமியே விசாரணையில் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தவறுக்கே முனுசாமியின் கல் என்று பெயர்.

இவர்களுடைய வழக்கத்தின் விசித்திரம் இங்கேதான். வருடாவருடம் இவர்கள் நடப்பது அறுநூற்று நாற்பது இல்லை, அந்தத் தவறான ஐந்நூற்று நாற்பதை. முனுசாமியின் வயதான காலுக்கு ஏற்ப அன்று காலையே ரோட்டில் நூறு தப்படி அளந்து, அந்தக் கணக்கில் அருள் மனையில் இரண்டு அடையாளம் போடுவார். 335 மீட்டரில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை, அது அன்று தவறாகத் திரும்பிய இடம். 397 மீட்டரில் ஒரு கோடு, அது நாடா இருந்த இடம். சிலுவை வரை நடப்பார்கள். நின்று, அன்றைய வரிசை எண்களைச் சொல்வார்கள். இறந்தவர் எண் வந்தால் ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு திரும்பிவிடுவார்கள். கோட்டுக்கு ஒருநாளும் போனதில்லை.

அருள் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். வெட்கமில்லாமல் கேட்டேன். "அவர்கிட்ட நீங்க பேசறதே இல்லையா சார்?"

"பதினாலு வருசமா வரேன் மேடம். டீ குடுப்பாரு, வாங்கிக்குவேன். இன்னா பேசறது? நூறு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆளு பின்னால எங்கப்பா போனாரு. அத்த அவர்கிட்ட சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. எங்கம்மாவுக்கு அப்போ இருவது வயசு." டேப்பின் நுனியில் இருந்த சேற்றைத் துடைத்தார். "இன்னைக்காவது எதுனா கேட்டுடணும்னு வந்தேன். இதான கடைசி."

நான் ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவள் போல இட்லி தின்றுகொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

7.40க்குப் புறப்பட்டார்கள். முனுசாமி முன்னால், மற்றவர்கள் தங்கள் இடங்களில். நடுவில் இறந்தவர்களுக்கான இடைவெளி. எட்டுப் பேர் வரிசை முப்பத்திரண்டு பேர் நீளத்துக்கு இருந்தது. நான் பத்தடி தள்ளி ஓரமாக நடந்தேன், எண்ணியபடி. சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு நூறுக்கும் முனுசாமியின் கை இடது பைக்கும் வலது பைக்கும் போய்வந்தது. ஐந்து கல் மாறியது. ஆறாவது கல்லை இந்த நடையில் அவர் எடுப்பதே இல்லையாம்.

ஐந்நூற்று நாற்பதில் கையை உயர்த்தினார். சிலுவை இன்னும் வெகுதூரம் முன்னால் இருந்தது. இத்தனை வருடமும் கை உயர்ந்தது சிலுவை மேல்தானாம், யாருக்கும் புரியவில்லை. அருள் டேப் போட்டார். ஐம்பத்திரண்டு மீட்டர் குறைகிறது.

"வயசாயிட்ச்சிபா. திரும்பவும் எண்ணு வுட்டுட்டேன்" என்றார் முனுசாமி. முகம் சுண்டிப்போயிருந்தது. கடைசி வருடத்திலும் இப்படியா என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் எண்ணிக்கை தவறவில்லை என்று எனக்குத் தெரியும், நானும் வாய்விட்டு எண்ணியிருந்தேன். அவருடைய ஒவ்வொரு கல்லும் என் எண்பத்தேழு அடிக்கு ஒருமுறை, பிசகாமல் மாறியது. பிறகு ஏன் குறைகிறது? அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டால் எனக்குக் கால் நிற்காது. வேலிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, மனையை ஒட்டிப் போகும் தார் ரோட்டுக்கு ஏறி, வாசலுக்கு நேராக வரும் வரை எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தேன். சேற்றில் நான் வைத்தது நானூற்று எழுபத்தொன்று. அதே தூரம் ரோட்டில் நானூறுக்குள் முடிந்துவிட்டது. மூச்சிரைக்க ஓடிவந்து அருளிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் நோட்டைப் பார்த்தார். பிறகு நேராக முனுசாமியிடம் போய் நின்றார். பதினான்கு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"அன்னைக்கு அந்த வயல்ல தண்ணி இருந்துச்சா?"

முனுசாமி மிரண்டுபோனார். "இருந்துச்சி. மொத நாளு கால்வாய ஒடச்சி வுட்டுட்டானுங்க. முட்டி வரைக்கும் சேறு."

"உங்க தப்படிய எங்க அளந்தாங்க?"

"டிரெய்னிங்லதான். பரேட் கிரவுண்டுல, சிமிட்டித் தரை."

"அந்த ஆறாவது கல்ல எடுங்க. இன்னும் நூறு வைங்க."

முனுசாமி சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் தலையசைத்தார். அவர் மறுபடி நடந்தார், எல்லோரும் பின்னால் போனோம். தொண்ணூற்றொன்பது, நூறு. கல்லை மாற்றிக்கொண்டு நின்றபோது சுண்ணாம்புச் சிலுவை அவர் ஷூவுக்குக் கீழே இருந்தது.

அறுநூற்று நாற்பதும் முழுதாக வைத்தால், சேற்றில் இங்கேதான் வந்து நிற்கும். மற்ற வருடங்களில் மனை காய்ந்திருந்ததால் இது தெரியவே இல்லை. அவர் அன்று ஒரு கல்லையும் தவறவிடவில்லை. குறைந்தது தப்படியின் நீளம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்தேன்.

சரியாகவில்லை. முனுசாமி காலடியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "எண்ணு சரியா இருந்தா இன்னாபா?" என்றார். "சேறுன்னு என் காலுக்குத் தெரியும்ல? நான்தான கூட்டிப் போட்டிருக்கணும்? செத்தவன் செத்தவன்தான."

"அறுநூத்தி நாப்பதுங்கிற நம்பரை மேப்புல பாத்துக் குடுத்தது நாந்தேன்" என்றார் சுபேதார். இதுவரை கேட்ட குரல் இல்லை அது. "கால்வாய் ஒடஞ்சது எனக்கும் தெரியும். எனக்கும் தோணலயேப்பா. இத்தனை வருசமா உன் கல்லுன்னுதான நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

எல்லோரும் அருளைப் பார்த்தார்கள். அவர் டேப்பை விரித்து, சுருட்டி, மறுபடி விரித்தார்.

"முப்பது வருசமா அளக்கறதுதான் என் வேல" என்றார். "எந்தச் சூட்டுல வேல செய்யுமோ அந்தச் சூட்டுல வச்சித்தான் கருவிய சோதிக்கணும்னு புதுசா வர்றவங்களுக்கு நான் வகுப்பு எடுக்கறேன். கொட்டற மழைய ரெண்டு நாளு பாத்துட்டு, இன்னைக்குக் காலைல நானும் ரோட்டுலதான அளந்தேன்? எனக்கு எதிர்ல மெசின்கன்கூட இல்ல."

அருள் நோட்டில் ஏதோ கணக்குப் போட்டார்.

"கோட்டுக்கு இன்னும் நூத்திப் பதினெட்டு. நடங்க, போலாம்."

"அங்க நாம போனதில்லயேபா" என்றார் முனுசாமி.

"அதான் போலாம்ன்றேன்."

போனார்கள். இம்முறை எல்லோரும் வாய்விட்டு எண்ணினார்கள், எட்டுப் பெருசுகளும் நானும் வாசல் காவல்காரரும். ஒருவர் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, விட்ட இடத்திலிருந்து சேர்ந்துகொண்டார். நூற்றிப் பதினெட்டில் முனுசாமியின் கால் அந்த வெள்ளைக் கோட்டில் பட்டது. கையை உயர்த்தினார். வரிசை வலப்பக்கம் திரும்பியது. எதிரே கம்பிவேலி, வேலிக்கு அப்பால் ஒரு கன்டெய்னர் லாரி. அதற்கு மேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இந்த இடத்துக்கான வழக்கம் எதுவும் அவர்களிடம் இல்லை.

கடைசியில் சுபேதார், "நம்பர்!" என்றார்.

"ஒண்ணு" என்றார் முனுசாமி.

இரண்டாமவர் இல்லை. ஒரு மூச்சு நேரம் அமைதி. அடுத்ததும் அமைதியாகத்தான் இருக்க வேண்டும்.

டேப்பைச் சேற்றில் போட்டுவிட்டு அருள் நடந்து வந்தார். முனுசாமிக்குப் பின்னால், ஒரு ஆள் இடம் விட்டு, காலியாக இருந்த இடத்தில் நின்றார்.

"மூணு."

முனுசாமி திரும்பிப் பார்த்தார். வரிசையில் நிற்பவர் திரும்பக் கூடாதாம், சுபேதார் திட்டவில்லை. நான்காம் எண்காரர் பின்னால் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். தன் எண்ணைச் சொல்லவே மறந்துவிட்டார்.

திரும்பும்போது 10.20க்கு மெயின் ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஒரகடம் வரை 30 ரூபாய். காலையில் வந்த ஆட்டோக்காரரைச் சந்திக்க முடியவில்லை. இதை அவர் படித்தால், இன்னாத்துக்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். தாம்பரத்துக்கு 12 மணிக்கு வந்துவிட்டேன். மொத்தச் செலவு 219 ரூபாய், செருப்பு போனது தனி.

இந்த இடத்துக்கு நீங்கள் போக முடியாது. பொங்கல் கழிந்து அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள் என்று அருள் சொன்னார். முனுசாமி வீட்டுக்கு இப்போது மாதம் ஒரு ஞாயிறு போகிறாராம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லையாம், டீ குடித்துவிட்டு வருகிறாராம். களிம்பு மட்டும் இப்போது ஒன்பது டியூப் வாங்குகிறார். ஒன்பதாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிறு காலை பஸ்ஸில் இடம் கிடைக்கும், மற்ற நாளில் ஷிஃப்ட் கூட்டம் இருக்கும். ஒரகடம் தாண்டினால் நல்ல டீ கிடையாது. ஏரியோர நிலத்தில் மழைக்கு அப்புறம் இறங்குவதானால் கயிறு கட்டிய ஷூ போடுங்கள். என்னைப் போல நடையை எண்ணுகிறவராக இருந்தால், உங்கள் தப்படியை வீட்டு வாசல் ரோட்டில் அளந்துகொண்டு கிளம்பாதீர்கள். போய் இறங்கிய இடத்தில், அந்த ஊர் மண்ணில் நூறு வைத்துப் பாருங்கள்.